நுரைச்சோலையில் கேள்வியும் நிரம்பலும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கடந்து சிறிது நேரத்தில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். மாலைக்குள் அந்தக் குரங்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் அழைத்து, "உங்கட நாட்டைக் குரங்கு நிப்பாட்டிப் போட்டுதாமே?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தபோது சிரிப்பு அடங்கியது. வலையமைப்பு விழுந்தபோது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பிறப்பாக்கிகளும் நின்றுவிட்டன. நின்ற நிலக்கரிப் பிறப்பாக்கியை வீட்டு விளக்கைப் போல ஆளியைத் தட்டி எரியவைக்க முடியாது. அது பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தருகின்ற ஓர் இடம் படுத்துவிட்டால் நாடும் படுக்கத்தான் வேண்டும்.

ஒரு குரங்கு விழுத்தக்கூடிய வலையமைப்பை அந்தக் குரங்கு கட்டவில்லை. நாற்பது ஆண்டுகளாக எடுக்கப்பட்ட முடிவுகளும், எடுக்கப்படாமல் தள்ளிப்போடப்பட்ட முடிவுகளும் சேர்ந்து கட்டியது அது. இந்த விடயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைத் தீர்ப்பதற்காகவே இந்தப் பதிவு.

நுரைச்சோலைக்கு நான் முதன்முதலில் சென்றது 1990களின் பிற்பகுதியில். புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டி வீதி. பாலாவியிலேயே சீமெந்து ஆலையின் தூசி நம்மை வரவேற்கும். பிறகு உப்பளங்கள். அதற்கப்பால் வீதி வடக்கே வளைந்து குடாநாட்டின் நீளத்துக்கு ஓடும். வலப்புறம் களப்பு, இடப்புறம் கடல், இடையில் தென்னந்தோட்டங்களும் மணற்காணிகளும். அந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவதைப் பார்த்து, செம்பாட்டு மண்ணில் வளர்ந்த யாழ்ப்பாணத்தானாகிய நான் வியந்து நின்றேன். ஆழமில்லாத கிணறுகள், அவற்றின் அருகே நீரிறைக்கும் இயந்திரங்கள். கத்தோலிக்க மீனவர்களும், தலைமுறைகளாக அங்கு வாழும் முஸ்லிம்களும், சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் கரை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியதும் புத்தளம் மாவட்டத்தில்தான். வீதியின் இருபுறமும் கிடுகுக் குடிசைகளின் வரிசைகள் முடிவில்லாமல் நீண்டன.

அப்போது நான் செய்தியாளனாகச் சில ஆண்டுகளே ஆகியிருந்தேன். நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது, மக்கள் எதிர்க்கிறார்கள் என்பது செய்தி. அது அந்தக் கரைக்கு வந்த கதையும் நீண்டது. 1980களில் திருகோணமலையில் கட்டுவதாக இருந்தது. அங்கே எதிர்ப்பு எழ, தெற்கில் மாவெல்லவைப் பார்த்தார்கள். அங்கும் எதிர்ப்பு எழ, பார்வை நுரைச்சோலையின் மீது விழுந்தது. சில கிலோமீற்றர் தொலைவில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான யாத்திரிகர் கூடும் இடம். சிலாபம் மறைமாவட்டம் எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றது. கடல் சூடாகும், மீன் ஓடும், சாம்பல் பறக்கும் என்று மக்கள் சொன்னார்கள். நான் அவற்றையெல்லாம் எழுதிக்கொண்டேன்.

குடிசை வரிசையொன்றில் வயதான ஒருவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்தவர். என் பேச்சைக் கேட்டதும் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். தேநீர் தந்து, சந்தைகளையும் கடைகளையும் பெயர் சொல்லி விசாரித்தார். கடைசியில் கேட்டார்: "தம்பி, இஞ்ச கரண்ட் செய்யிற பக்டரி வருதாம் எண்டு சொல்லுறாங்க. எங்கட கொட்டிலுக்கும் லைற் தருவாங்களோ? அதைக் கேட்டுச் சொல்லுங்கோ."

கொழும்புக்குத் திரும்பி நீண்ட கட்டுரை எழுதினேன். மீனவரின் குரல் இருந்தது, குருவானவரின் குரல் இருந்தது, விவசாயியின் குரல் இருந்தது. இந்த முதியவரின் கேள்வி இருக்கவில்லை. அது என் கட்டுரையின் வாதத்தைக் குழப்பியது. மின்நிலையம் வேண்டாம் என்று சொல்ல வந்த கட்டுரையில், "எனக்கும் லைற் வருமா?" என்று கேட்பவரை எங்கே வைப்பது? தூக்கி எறிந்தேன். ஆசிரியர் பாராட்டினார்.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. மின்சாரமில்லாத வாழ்க்கையை நான் புத்தகத்தில் படித்தவனல்லன். 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிக்கனமாக மண்ணெண்ணெய் ஊற்றி, சைக்கிள் வால்வுக் குழாயில் திரி செருகிய விளக்கில் படித்துக் கலைப்பட்டம் பெற்றவன். பட்டப்படிப்பில் பொருளியலும் ஒரு பாடம். கேள்வியும் நிரம்பலும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தோம். தமிழ்நாட்டு நண்பர்கள் 'தேவை' என்று எழுதும் இடத்தில் இலங்கையில் நாங்கள் 'கேள்வி' என்றே எழுதுகிறோம். அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்குப் புரிய வெகுகாலம் சென்றது. மின்சாரத்துக்கான கேள்வி என்பது வரைபடத்தில் மேலேறும் ஒரு கோடு மட்டுமன்று. அது மனிதர் கேட்பது. கிடுகுக் கொட்டிலிலிருந்து வந்தாலும் கேள்வி கேள்விதான்.

மின்சாரத் திட்டமிடல் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்ற கலைப்பிரிவுக்காரருக்கு விளங்கும் அளவில்தான்.

அரிசியைப் போல மின்சாரத்தைக் களஞ்சியத்தில் அடுக்கிவைக்க இயலாது. மின்கலங்கள் மலிவாகிவரும் இக்காலத்திலும் பெரும்பகுதி மின்சாரம் உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்படவேண்டும். இலங்கையில் மாலை ஏழு மணியளவில் வீடுகளில் விளக்கெரியும், தொலைக்காட்சி ஓடும், சமையல் நடக்கும். அந்த ஓரிரு மணிநேரமே நாளின் உச்சம். பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் அந்த உச்சம் 2,800 மெகாவாட்டைத் தொட்டது. நள்ளிரவுக்குப் பின் அது ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிடும். அந்த உச்சத்தைத் தாங்க நிலையங்கள் வேண்டும். ஒன்று பழுதானாலும் சமாளிக்க மேலதிகக் கையிருப்பு வேண்டும். மழை பொய்த்தாலும் சமாளிக்க வேண்டும். ஒரு பெரிய அனல்மின் நிலையத்தைத் தீர்மானித்து, காணி எடுத்து, கடன் பெற்று, கட்டி முடிக்கப் பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே 2035இல் ஒரு குடும்பத்தலைவி எந்த நேரத்தில் எந்த அடுப்பை மூட்டுவாள் என்பதை இப்போதே ஊகிக்கவேண்டும்.

இதற்காக இலங்கை மின்சார சபை இருபது ஆண்டுகளுக்கான நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டத்தைத் தயாரித்து, இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பித்துவந்தது. சனத்தொகை, தேசிய வருமானம், கடந்தகால நுகர்வு ஆகியவற்றிலிருந்து வருங்காலக் கேள்வி எதிர்வுகூறப்படும். பின்னர் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, நீர், காற்று, சூரியன் என்று சாத்தியமான நிலையங்கள் பட்டியலிடப்படும். சர்வதேச அணுசக்தி முகவரகம் உருவாக்கிய கணினி நிரலொன்று, ஆயிரக்கணக்கான சேர்க்கைகளை ஒப்பிட்டு, மிகக் குறைந்த செலவில் கேள்வியை நிரப்பும் வழியைத் தேர்ந்து தரும். மூலதனச் செலவு, எரிபொருள் விலை, ஆயுட்காலம், வட்டி என எல்லாவற்றுக்கும் அட்டவணையில் இடமுண்டு.

பொறியியலாளர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களுடைய எச்சரிக்கைகளைப் பழைய பத்திரிகைகளில் இன்று புரட்டும்போது, பெரும்பாலானவை பலித்திருப்பதைக் காண்கிறேன். 1990களின் தொடக்கம்வரை இலங்கையின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தே வந்தது. விமலசுரேந்திர 1918இல் எழுதிய ஆய்விலிருந்து 1950இன் லக்ஷபான வழியாக மகாவலி அணைகள்வரை அது பெருமைக்குரிய கதை. ஆனால் நல்ல ஆறுகள் தீர்ந்துகொண்டிருந்தன, கேள்வி ஏறிக்கொண்டிருந்தது. மழை பொய்க்கும் ஆண்டு வந்தால் இருள்தான் என்று சொன்னார்கள். 1996இல் மழை பொய்த்தது, மின்வெட்டு வந்தது. 2001இலும் 2002இலும் மீண்டும் வந்தது. அந்த ஆண்டுகளில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதும் மீள எடுக்கப்படுவதுமாக இருந்தது. இடையில் அவசரம் அவசரமாகத் தனியாரிடமிருந்து டீசல் மின்சாரம் கொள்வனவு செய்யப்பட்டது. அது மிக விலையுயர்ந்த மின்சாரம். திட்டம் தள்ளிப்போடப்பட்ட ஒவ்வொரு முறையும் நான் அதை மக்களின் வெற்றி என்று எழுதினேன். மின்வெட்டு வந்தபோது, அரசாங்கத்தின் கையாலாகாத்தனம் என்றும் நானே எழுதினேன். இரண்டையும் ஒரே பேனா எழுதியது என்பதை எவரும் சுட்டிக்காட்டவில்லை. பத்திரிகையாளனுக்குள்ள சலுகை அது.

இது இலங்கைக்கு மட்டுமுரிய நோயன்று. தென்னாபிரிக்க அரசாங்கம் 1998இல் வெளியிட்ட எரிசக்தி வெள்ளை அறிக்கையே, புதிய நிலையங்கள் கட்டப்படாவிட்டால் 2007அளவில் மின்சாரம் போதாமற் போகும் என்று எச்சரித்தது. அரசாங்கம் கேட்கவில்லை. 2007இன் இறுதியில் மின்வெட்டு தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008இலிருந்து சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டை அங்குள்ள வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. சென்னைக்கு வெளியே சிறு தொழிற்கூடங்கள் நாளின் பாதியை இருளில் கழித்த காலம் அது. எல்லா இடங்களிலும் கதை ஒன்றுதான். திட்டத்தை மறுப்பவர் உண்டு, ஆதரிப்பவர் உண்டு. மறுத்ததற்கு மாற்றாக எதை, எந்த ஆண்டுக்குள் கட்டப்போகிறோம் என்று கேட்பவர் இல்லை.

கடைசியில் 2006 மே மாதம் நுரைச்சோலையில் வேலை தொடங்கியது. சீன எக்சிம் வங்கி முதற்கட்டத்துக்கு 455 மில்லியன் டொலர் கடன் தந்தது. 2011 மார்ச்சில் முதலாவது 300 மெகாவாட் பிறப்பாக்கி திறந்துவைக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்திருந்தபோது, மொத்தம் 900 மெகாவாட் கொண்ட முழுநிலையமும் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. லக்விஜய என்று பெயர் வைத்தார்கள். கரையோர மக்கள் இன்றும் நுரைச்சோலை என்றுதான் சொல்கிறார்கள்.

அதன்பின் பலமுறை அங்கு போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் அந்தக் கரை ஒரே பாடத்தையே எனக்குச் சொல்கிறது. அது காற்றைப் பற்றிய பாடம்.

கற்பிட்டிக் கரை மீனவருக்கு ஆண்டு என்பது இரண்டு காற்றுகள். வாடைக் காலத்தில் இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். மே மாதமளவில் கச்சான் கிளம்பினால் கடல் கொந்தளிக்கும். படகுகளைக் கரையேற்றிவிட்டுக் களப்புக்குள் ஒதுங்குவார்கள், அல்லது வாடி போட்டு வேறு கரைக்குப் போவார்கள். நிலக்கரிக் கப்பலுக்கும் இதே சட்டந்தான். கப்பல் கரைக்கு வருவதில்லை. ஆழ்கடலில் நின்று, தெப்பக்கலங்களில் நிலக்கரியை இறக்கி, இறங்குதுறைக்குக் கொண்டுவருகிறார்கள். கச்சான் அடிக்கும்போது அது முடியாது. ஆகவே ஆண்டுக்குத் தேவையான ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரியையும் செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரையான பருவத்துக்குள் இறக்கிவிடவேண்டும். கச்சான் மாதங்களுக்குத் தேவையானதை முற்றத்தில் மலையாகக் குவித்துவைக்க வேண்டும்.

அதன் விளைவைப் பாருங்கள். நிலக்கரி மலை மிக உயர்ந்திருக்கும் வேளையிலேயே கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் மிகப் பலத்த காற்றும் வருகிறது. தூசியும் சாம்பலும் நரக்கள்ளி, நுரைச்சோலைத் தோட்டங்களின் மீது படிகின்றன என்ற முறைப்பாடு அதிலிருந்து எழுகிறது. காற்றுத் தடுப்பு வேலி பின்னர் எழுப்பப்பட்டது. முறைப்பாடு நீதிமன்றம்வரையும் சென்றது. ஒரு விவசாயி பீற்றூட் இலையைத் தடவிக் கறுத்த விரலை எனக்குக் காட்டினார். "சேர், இதைக் கழுவிப்போட்டுத்தான் சந்தைக்குக் கொண்டு போறம். கழுவத் தண்ணி இறைக்கிற மோட்டருக்கு கரண்ட் பில் நாங்கதான் கட்டுறம்" என்றார். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபின் அவர் சொன்ன வார்த்தை இது. இருபது ஆண்டுத் திட்டத்தின் எந்த அட்டவணையில் இந்த விரல் இருக்கிறது?

அதே கச்சான்தான் மாம்புரியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. 2010இல் அங்கே 10 மெகாவாட் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. பின்னர் களப்போரத்திலும் வெள்ளைக் கோபுரங்கள் எழுந்தன. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 103.5 மெகாவாட் கொண்ட தம்பபவனி திறக்கப்பட்டது. நிலக்கரிக் கப்பலைத் தடுக்கும் காற்று, மின்சாரத்தைத் தானே கொண்டுவருகிறது. எரிபொருள் வர முடியாத பருவத்தில் எரிபொருள் வேண்டாத மின்சாரம் வரும் கரை இது. மீனவக் கிழவன் எவனைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பான். நாங்களோ முதலில் 900 மெகாவாட் நிலக்கரியைக் கட்டிவிட்டு, காற்றைப் பின்னர் துண்டுதுண்டாகச் சேர்த்துக்கொண்டோம்.

'அப்படியானால் நிலக்கரியே வேண்டாம், காற்றும் வெயிலும் போதும் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட நான் இப்போது துணியமாட்டேன். இளமையில் ஒருமுறை சொல்லிப் பட்டவன். குரங்கு பாய்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்புவோம். விடுமுறை நாள், நல்ல வெயில், தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன, கேள்வி குறைவு. அந்த நேரத்தில் மின்சாரத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி சூரிய ஒளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீர், அனல் நிலையங்களின் கனத்த சுழலிகள் தம் சுழற்சியின் பலத்தால் ஓர் அதிர்ச்சியைச் சில கணங்கள் தாங்கிக்கொள்ளும். கூரைத் தகடுகளுக்கு அந்தக் கனமில்லை. கனத்த சுழலிகள் சிலவே ஓடிக்கொண்டிருந்த வேளையில் அதிர்ச்சி வந்தது, தாங்க ஆளில்லாமல் வலையமைப்பு சரிந்தது. இரண்டு மாதங்களின் பின், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை ஏழு மணிக்குப் போதவில்லை. பகலை இரவுக்குக் கொண்டுபோகும் மின்கலங்களும் நீரேற்று நிலையங்களும் சூரியத் தகடுகளோடு கூடவே வந்திருக்கவேண்டும். மஹஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் என்ற யோசனை பல ஆண்டுகளாகக் காகிதத்தில் உண்டு. தகடுகள் வந்தன, களஞ்சியம் வரவில்லை.

இங்கே பிரச்சினை நிலக்கரியா சூரியனா என்பதன்று. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதில் பாதி தூரம் சென்று நின்றுவிடும் வழக்கமே பிரச்சினை. 2017இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, புதிய நிலக்கரி நிலையங்கள் இல்லாத திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. நிலக்கரி வேண்டும் என்று மின்சார சபை வாதிட்டது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. வாதத்தில் காலம் ஓடியது. நிலக்கரிக்குப் பதில் எரிவாயு என்றார்கள். எரிவாயுவில் இயங்கக்கூடிய நிலையம் கெரவலப்பிட்டியில் எழுந்தது, ஆனால் 2025 முடியும்வரையும் திரவ எரிவாயு இறக்கும் வசதி நாட்டில் இல்லை. சம்பூரில் இந்தியாவுடன் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்றார்கள். 2006 போரில் ஊரை இழந்த சம்பூர் மக்களின் காணிகளும் அந்தக் கதைக்குள் சிக்கின. 2016இல் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்ட 2025 ஏப்ரல் ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள்!

அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்ளேதான் 2022 வந்தது. அணைகளில் நீர் குறைவு, கையில் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கச்சானுக்கு முன் நிலக்கரியைக் கொண்டுவந்துவிட முடியுமா என்பது தேசியக் கவலையாயிற்று. கேள்வி ஆண்டுதோறும் ஐந்து வீதமளவில் உயரும் என்று கோடு வரைந்திருந்தவர்கள், அது கீழே சரிவதைப் பார்த்தார்கள். எந்தக் கணினி நிரலும் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லவும் முடியாது. அதனால்தான் திட்டம் என்பது ஒற்றைக் கோடாக இருக்கக்கூடாது என்கிறேன். நாடு செழித்தால் இது, நொடித்தால் இது, மழை பொய்த்தால் இது, டொலர் தீர்ந்தால் இது என்று பல கோடுகள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நுரைச்சோலையில் கட்டுவதற்குப் பதில், சிறிதும் பெரிதுமாக, நாட்டின் பல மூலைகளில், ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் வகையில் கட்டவேண்டும்.

இரண்டாவதாக ஒன்றைக் கேட்கிறேன். ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு தாமதக் கணக்கும் வெளியிடப்படட்டும். இந்த நிலையத்தை ஓராண்டு தள்ளிப்போட்டால் எவ்வளவு எண்ணெய் எரியும், எவ்வளவு கடன் ஏறும், எத்தனை மணிநேரம் இருளும் என்று ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்லட்டும். தள்ளிப்போடுவதைப் போலச் செலவுமிக்க மின்நிலையம் உலகில் இல்லை. அதற்குக் காணி வேண்டாம், கல்வெட்டு வேண்டாம், திறப்புவிழா வேண்டாம். பற்றுச்சீட்டு மட்டும் வரும். அமைச்சர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதும் எங்களைப் போன்ற பத்திரிகையாளர் கைதட்டுவதும் அதனால்தான்.

மூன்றாவது கோரிக்கை புத்தளத்துக்காக. கொழும்பின் வீடுகளைக் கட்டச் சீமெந்து, கொழும்புக்கு ஒளி தர நிலக்கரி, 2019 முதல் கொழும்பின் குப்பைக்கு அருவக்காடு. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017இல் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. அந்தக் குப்பைக்கு இடம் தேடியவர்களின் கண்ணில் பட்டதும் இதே மாவட்டந்தான். மாதக்கணக்கில் மக்கள் வீதியில் இருந்து எதிர்த்தார்கள். நாடு முழுவதும் அனுபவிக்கும் நன்மைக்கு ஒரு கரை விலை கொடுக்கும்போது, அந்த விலை திட்டத்தின் அட்டவணையில் ஒரு நிரலாக எழுதப்படவேண்டும். காற்றிலும் கிணற்றிலும் என்ன கலந்திருக்கிறது என்பது நாள்தோறும் அளக்கப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ச் சந்தியில் எழுதி ஒட்டப்படவேண்டும். அந்த 900 மெகாவாட்டின் வருமானத்தில் ஒரு சிறு பங்கு அந்தக் கரையின் கிணறுகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் உரிமையாகச் சேரவேண்டும். அது சலுகையாகக் கொடுக்கப்படக்கூடாது. இந்தச் செலவைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபின்னும் நிலக்கரி மலிவென்றால், அது மலிவுதான். சேர்க்காமல் மலிவென்று சொன்னால், மீதியை அந்த விவசாயியின் விரல் கட்டுகிறது.

மின்சார சபையைப் பிரிக்க 2024இல் புதிய சட்டம் வந்தது, 2025இல் அது திருத்தப்பட்டது. திட்டமிடும் மேசைகள் மாறும், நாற்காலிகள் மாறும், பெயர்ப்பலகைகள் மாறும். இந்த மூன்று கேள்விகளும் புதிய மேசைக்குப் போகாவிட்டால் அந்த மாற்றத்தால் பயனில்லை.

சோனகத் தெரு முதியவரைப் பிறகு ஒரேயொருமுறை கண்டேன். நிலையம் திறந்து சில காலத்தின் பின். கொட்டில் கல்வீடாகியிருந்தது. ஊருக்குத் திரும்புவதா இருப்பதா என்று பிள்ளைகளோடு அவருக்கு ஓயாத வழக்கு. வீட்டில் விளக்கு எரிந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "வந்திட்டுது தம்பி" என்றார். பிறகு கடற்பக்கமாகக் கையைக் காட்டி, "அதுவும் வந்திட்டுது" என்றார். புகைபோக்கியின் சிவப்பு விளக்குகள் தென்னைகளுக்கு மேலே தெரிந்தன. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மருமகள் வெளியே காயப்போட்டிருந்த துணிகளை அவசரமாக எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.

அவர் இன்றில்லை. அவருடைய கேள்வியைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்தி இங்கே அச்சேற்றுகிறேன். அன்று அதையும் எழுதி, அதன் பக்கத்திலேயே மீனவரின் கேள்வியையும் எழுதியிருந்தால், 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால், 'எப்படி, எப்போது, யாருடைய செலவில்' என்று ஒரு சிறு விவாதமாவது தொடங்கியிருக்கலாம். ஒரு கட்டுரையால் நாடு திருந்திவிடாது என்பதை நான் அறிவேன். ஆனால் கேள்வியைச் சரியாகக் கணக்கெடுக்காமல் நிரம்பலைப் பற்றிப் பேசியவர்களுள் நானும் ஒருவன்.